மணமும் மனையும் கூலியும்: ஆங்கில நாவல்களும் மலையகப் புனைகதைகளும் - ஓர் ஒப்புநோக்கு

1

ஆங்கில நாவலின் வளர்ச்சியை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். சாமுவேல் றிச்சட்சனின் 'பமிலா' (1740) முதல் தோமஸ் ஹாடியின் 'ஜூட் தி ஒப்ஸ்கியூர்' (1895) ஈறாக, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நாவல் திரும்பத் திரும்ப எழுப்பிய வினா, ஒரு பெண் யாரை மணப்பாள் என்பதேயாகும். கதை மாந்தர் மாறினர், களம் மாறிற்று, நடை மாறிற்று, வினா மாறவில்லை.

இந்நாவல்கள் நம் நாட்டிலே நீண்டகாலமாகப் பயிலப்பட்டு வருவன. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவளுடைய தாய் கொழுந்துக் கூடை சுமந்து அவளைப் படிக்கவைத்தவள். ஜேன் ஒஸ்ரினின் எலிசபெத் பெனற்றைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, அந்த மாணவிக்குத் தன் தாயின் வாழ்வு நினைவுக்கு வருதல் வேண்டுமா? வரவேண்டியதில்லை என்பதே பொதுவான எண்ணம். ஒன்று நிலவுடைமையாளர் மாளிகையின் கதை. மற்றையது லயத்துக் காம்பராவின் வாழ்வு. இரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதல் பொருந்தாது என்பர்.

நாம் இக்கருத்திலிருந்து வேறுபடுகிறோம். ஆங்கில நாவலின் திருமணப் பொருளை அதன் அடித்தளத்திலே கண்டுகொண்டால், மலையகப் புனைகதை பெண்ணைப் பற்றிச் சொன்னவை எவை, சொல்லாது விட்டவை எவை என்பன தெளிவாகும். அவ்வாறே, தோட்டப் பெண்ணின் வாழ்விலிருந்து நோக்கினால், ஆங்கில நாவல் தன்னைப் பற்றித் தானே கூறாத சில உண்மைகளும் வெளிப்படும். இவ்விரண்டையும் இயன்றவரை காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஒஸ்ரினின் 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' (1813) காதற் கதையாகவே பெரிதும் வாசிக்கப்படுகின்றது. ஆயின் அக்கதையின் முடிச்சு ஒரு சொத்துரிமை ஏற்பாட்டிலேயே உள்ளது. பெனற்றின் ஆண்டு வருமானம் 2,000 பவுண். அவருக்கு ஐந்து பெண்மக்கள். லோங்போண் என்னும் அவரது நிலம் ஆண்வழி உரிமையாளனுக்கே செல்லவேண்டியது. தந்தை கண்மூடிய மறுகணமே தாயும் மக்களும் தாம் வாழ்ந்த வீட்டினின்று வெளியேறவேண்டும். பெனற்றின் மனைவி மகளிரின் மணத்துக்காகப் படும் பதற்றத்தை ஆசிரியர் எள்ளி நகைக்கின்றார். எனினும் அப்பதற்றத்தின் காரணம் நகைப்புக்குரியதன்று. வீடு போய்விடும் என்ற அச்சமே அது.

இவ்வச்சத்தை மிகத் தெளிவாக உணர்ந்த பாத்திரம் சார்லற் லூக்கஸ். அவளுக்கு வயது 27. அழகில்லை, சீதனமில்லை. அறிவிலும் பண்பிலும் தனக்கு ஒவ்வாத கொலின்சை அவள் மணந்துகொள்கின்றாள். எலிசபெத் இதனைக் கேட்டுத் திகைக்கின்றாள். ஆனால் ஒஸ்ரின் சார்லற்றைத் தண்டிக்கவில்லை. அவளுக்கு ஒரு வீட்டையும் கோழிகளையும் தனியான ஓர் அறையையும் கொடுத்து, அவ்வளவே அவளாற் பெறக்கூடியது என்று அமைதியாகக் காட்டுகின்றார். கல்வியுடைய, ஆனால் கையிற் பணமில்லாத பெண்ணுக்கு அன்றைய இங்கிலாந்திலே திருமணமே தொழில்.

மணந்தபின் நிலை யாது? மணமான பெண்ணுக்குத் தனியாளாகச் சட்டத்தில் இருப்பே இல்லை என்பது அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கோட்பாடு. அவளுடைய அசையும் பொருளும், அவள் உழைத்துப் பெறும் பணமும் கணவனுக்கே உரியன. 1870ஆம் ஆண்டுச் சட்டமே மனைவியின் உழைப்பூதியத்தை அவளுக்குரியதாக்கிற்று. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அவளது சொத்துரிமையை விரிவாக ஏற்றுக்கொண்டது. ஒஸ்ரினும் புறொன்ரி சகோதரிகளும் எழுதியவை யாவும் இச்சட்டங்களுக்கு முற்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சார்லற் புறொன்ரியின் 'ஜேன் எயர்' (1847) இந்நிலைமைக்கு எதிராக எழுந்த குரல். ஜேன் ஆண்டுக்கு 30 பவுண் ஊதியம் பெறும் வீட்டாசிரியை. றொச்செஸ்ரர் அவளுக்குப் பட்டும் நகையும் வாங்க முற்படுகையில் அவள் மனம் குன்றுகின்றாள். தனக்கெனப் பணம் இருந்தாலன்றி அவனோடு நிகராக நிற்க இயலாது என்பதை உணர்கின்றாள். பின்னர் மதெய்ராவிலிருந்த சிற்றப்பன் வழியாக 20,000 பவுண் அவளுக்கு வந்துசேர்கின்றது. அதனை நால்வருக்கும் சமமாகப் பங்கிட்டு, தன் பங்கான 5,000 பவுணோடு அவள் றொச்செஸ்ரரிடம் திரும்புகின்றாள். காதலின் வெற்றி என நாம் போற்றும் அம்முடிவு, ஒரு பெண் தன் பணத்தைத் தன் கையில் வைத்திருந்ததால் இயன்ற முடிவாகும். ஜோர்ஜ் எலியற்றின் 'மிடில்மார்ச்' (1871-72) இதனையே மறுதலையாகக் காட்டுகின்றது. லாடிஸ்லோவை மணந்தால் டொறதியா சொத்தை இழப்பாள் என இறந்த கணவன் விருப்பாவணத்தில் விதித்துச் செல்கின்றான். அவள் சொத்தை விடுத்து மணத்தைத் தெரிந்துகொள்கின்றாள். இழப்பதற்கேனும் அவளிடம் ஏதோ இருந்தது.

இப்பணம் எங்கிருந்து வந்தது என்ற வினாவும் உண்டு. ஒஸ்ரினின் 'மான்ஸ்பீல்ட் பார்க்' (1814) நாவலிலே சேர் தோமஸ் பேட்றமின் செல்வத்தின் ஒரு பகுதி அன்ரிகுவாத் தீவிலுள்ள தோட்டத்தினின்று வருவது. றொச்செஸ்ரர் முதலில் மணந்த பேர்த்தா, யமேக்காவிலிருந்து 30,000 பவுண் சீதனத்தோடு வந்தவள். ஆங்கில நாவலின் மணவறைக்குப் பின்னால் எங்கோ ஒரு பெருந்தோட்டம் உள்ளது. அத்தோட்டத்திலே உழைத்த பெண்கள் எவ்வாறு மணந்தனர், எந்த வீட்டில் வாழ்ந்தனர் என்பதை அந்நாவல் கேட்கவில்லை. அவ்வினாவை எழுப்பக்கூடிய இலக்கியங்களுள் ஒன்று நமது மலையகத்திலே பிறந்தது.

3

இலங்கை மலைநாட்டில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்கவே, அடுத்துவந்த ஆண்டுகளில் தேயிலை மலைகளை மூடிற்று. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆட்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். எனவே குடும்பங்களாகக் குடியேறுதல் பெருகிற்று. பெண்ணின் உழைப்பே தோட்டத்தின் அச்சாணியாயிற்று.

இவ்விடத்து ஆங்கில நாவலின் நிலைமை தலைகீழாகின்றது. பெனற்றின் வீட்டிலே பெண்மக்கள் பொருளாதாரச் சுமை. தோட்டத்திலோ மகள் உழைப்பவள். மருமகள் இன்னொரு கொழுந்துக் கூடை. உறவும் சாதியும் சார்ந்து ஆட்களைத் திரட்டிய பெரிய கங்காணிக்கு, வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் 'பென்ஸ் காசு' கிடைத்தது. ஆகவே ஒரு பெண் எத்தோட்டத்திலிருந்து எத்தோட்டத்துக்கு மணமுடித்துச் செல்கிறாள் என்பது, பெற்றோரின் விருப்பத்தோடு அமையும் செய்தியன்று. அது ஆட்கணக்கையும் தொட்டது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1987இல் அவரது மறைவின் பின் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கு 'மாமன் மகனே' என்று பெயரிடப்பட்டுள்ளது. முறைமாப்பிள்ளையை விளிக்கும் அத்தலைப்பில் உறவின் இனிமை உண்டு. அவ்வுறவின் மேலேயே கங்காணிமுறை தன் கணக்கைக் கட்டியெழுப்பிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

சார்லற் லூக்கசுக்கு இல்லாத கூலி தோட்டப் பெண்ணுக்கு இருந்தது. ஆயின் அது எத்தகைய கூலி? 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழியாக உயர்மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இவ்வேறுபாடு பல்வேறு வடிவங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது. 1984இலேயே தோட்டத்தில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி கிடைத்தது.

கூலியின் அளவைவிட அது சென்றடையும் வழி முக்கியமானது. தோட்டப் பேச்சிலே ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' எனப்படும், குறைந்தால் 'அரைப்பேர்'. செக்ரோலில் ஒரு பெண்ணுக்குப் பேர் விழும். ஆனால் சம்பளநாளிலே அப்பேருக்கான பணம் பெரும்பாலும் தந்தையின் கையிலோ கணவனின் கையிலோதான் கொடுக்கப்பட்டு வந்தது. தோட்டப் பெண்களைப் பற்றி றேச்சல் குரியன் 1982இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வழக்கத்தைச் சுட்டுகின்றது. இத்தனைக்கும் இலங்கையில் மணமான பெண்ணின் சொத்துரிமைச் சட்டம் 1923இலேயே இயற்றப்பட்டுவிட்டது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழரை அச்சட்டம் விலக்கியபோதும், மலையகத் தமிழர் தேசவழமைக்கு உட்பட்டோர் அல்லர். ஏட்டுச் சட்டத்தின்படி அவளுடைய கூலி அவளுக்கே உரியது. சம்பள மேசையிலே அது அவளுக்குரியதாயிருக்கவில்லை. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் தீர்க்க முற்பட்ட வழக்கு, ஒரு நூற்றாண்டின் பின்னரும் ஹற்றன் மலைகளிலே தீராதிருந்தது எனலாம்.

வீட்டைப் பற்றிக் கூறவேண்டுவது சிறிதே. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வாழலாம். அதனை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவும் இயலாது. மருமகளுக்கு விட்டுச்செல்லவும் இயலாது.

4

இனி, புனைகதைகள் இவ்வாழ்வை எவ்வாறு கண்டன என்பதை நோக்குவோம்.

'பமிலா' நாவலிலே பணிப்பெண் ஒருத்தியை அவளது எசமானன் வன்முறையாலும் சூழ்ச்சியாலும் அடைய முயல்கின்றான். அவள் தன் கற்பைக் காத்துநிற்கின்றாள். ஈற்றில் அவன் மனந்திருந்தி அவளையே மணக்கின்றான். நற்குணத்துக்குக் கிடைத்த பரிசு திருமணம். இரு நூற்றாண்டுகளின் பின், 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' ஏறத்தாழ இதே சூழ்நிலையை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வைக்கின்றது. கணவனைச் சிறைக்குப் பறிகொடுத்த மருதி தோட்டத்துக்கு வருகின்றாள். அங்கு வெள்ளைத் துரையின் இச்சைக்கு ஆளாகின்றாள். அவளுக்குக் கிடைப்பது மணமன்று, நோய். புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்தவரல்லர். தோட்டத்தின் அன்றாட இயக்கத்தை அவர் நேரிற் கண்டிலர். எனினும் றிச்சட்சனின் அறக்கணக்கு இங்கே செல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார். மறுத்துநிற்கும் பெண்ணுக்கு எசமானன் மோதிரம் அணிவிப்பதற்கு, அவன் அவளைத் தன் சமூகத்துக்குள் ஏற்றுக்கொள்ளக்கூடியவளாகக் காணவேண்டும். துரைக்கும் கூலிக்கும் இடையே அவ்வழி அடைபட்டிருந்தது.

மலையகத்தினுள்ளிருந்தே எழுந்த கதைகளுள் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தனியிடம் பெறுவது. அவரது தொகுதி அத்தலைப்போடு 1980இல் நூலாயிற்று. ஓர் இளம்பெண் ஒருநாள் வழமைக்கு மீறிய அளவு கொழுந்து பறிக்கின்றாள். கணக்கப்பிள்ளையின் தயவாலேயே அவளுக்கு அத்தனை ராத்தல் விழுந்தது என்ற பழி எழுகின்றது. அவள் மீண்டும் பறித்துக் காட்டியே அப்பழியைத் துடைக்கின்றாள்.

ஆங்கில நாவலின் நாயகியும் பழிக்கு அஞ்சுபவளே. தங்கை லிடியா ஓடிப்போனபோது பெனற் வீட்டுப் பெண்கள் அனைவரதும் மணவாய்ப்பே அழிந்துவிடும் என்ற நிலை தோன்றுகின்றது. அங்கே பழியைத் தீர்ப்பவன் டார்சி. தீர்க்கும் கருவி அவனது பணம். இராமையாவின் நாயகிக்கு அத்தகைய மீட்பன் இல்லை. அவளுடைய சாட்சி அவளது விரல்களே. தேயிலைத் தராசிலே அவளுடைய உழைப்பும் ஒழுக்கமும் ஒருங்கே நிறுக்கப்படுகின்றன. இக்கதையைத் திறமைக்குக் கிடைத்த வெற்றியாக வாசிப்பது எளிது. நாம் மற்றொன்றையும் காண்கிறோம். ஒரு பெண் அதிகம் உழைத்தால் அதற்குக் காரணம் ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கும் சமூகத்திலே, தன் கூலிக்குத் தானே உரியவள் என்பதை அவள் இருமுறை உழைத்து நிறுவவேண்டியிருக்கின்றது. அக்கூலி ஈற்றில் யார் கைக்குச் செல்லும் என்பதைக் கதை கேட்கவில்லை. கேட்டிருப்பின் அது இன்னும் பெரிய கதையாகியிருக்கும்.

மலையக நாவல்களின் தலைப்புகளே ஒரு செய்தியைத் தருகின்றன. சி.வி. வேலுப்பிள்ளையின் நாவல் 'வீடற்றவன்'. பெனடிக்ற் பாலனுடையது 'சொந்தக்காரன்'. உரிமையிழந்த ஒரு சமூகத்தின் வழக்கை உரத்துச் சொன்ன நூல்கள் இவை. அவ்வழக்கின் நியாயத்தை நாம் முற்றாக ஏற்கிறோம். ஆயினும் வீட்டை இழந்தவனும் மண்ணைச் சொந்தங்கொண்டாடுபவனும் ஆண்பாலிலேயே நிற்கின்றனர். தொழிற்சங்கப் போராட்டத்தால் வெளியேற்றப்படுபவன் வீடற்றவன். அவ்வாறாயின் தந்தையின் காம்பராவிலிருந்து கணவனின் காம்பராவுக்குச் சென்று, எந்தக் காம்பராவும் தன் பெயரில் இல்லாது வாழ்ந்து மடிந்தவள் யார்? 'வீடற்றவள்' என்ற நாவல் எழுதப்படவேண்டியதாகவே இருந்தது.

இக்குறையை ஓரளவு நிறைத்தவர் கோகிலம் சுப்பையா. பெண் எழுத்தாளர் ஒருவரின் கையிலிருந்து 1964இல் வந்த 'தூரத்துப் பச்சை' வள்ளி என்னும் பெண்ணை நடுவில் வைத்தே குடிப்பெயர்வையும் தோட்ட வாழ்வையும் கூறுகின்றது. பயணமும் குடியேற்றமும் கங்காணியின் கணக்கேட்டில் தொடங்காமல், ஒரு பெண்ணின் உடலிலும் மனத்திலும் தொடங்குகின்றன. அந்நூலை நெடுங்காலம் தோட்ட வாழ்வின் ஆவணமாகவே விமர்சகர் பாராட்டினர். மணம் பற்றிய நாவலாகவும் அதனை வாசித்தல் வேண்டும். இதில் விமர்சனத்தின் தவறும் உண்டு. கூலிப்போராட்டம் வந்த இடங்களை 'சமூகப் பார்வை' என்றும், மணமும் குடும்பமும் வந்த இடங்களை 'காதற் சுவை' என்றும் நாம் பிரித்துவைத்தோம். மணமே கூலியின் ஒரு பகுதியாயிருந்த சமூகத்திலே இப்பிரிவு பொருந்தாது.

5

இவ்வொப்பீட்டில் தோட்டப் பெண்ணுக்கு மிக அணித்தாக நிற்பவள் எலிசபெத் பெனற்றோ ஜேன் எயரோ அல்லள். தோமஸ் ஹாடியின் ரெஸ் (1891). அவள் கையால் உழைப்பவள். ரோல்போதெய்ஸ் பாற்பண்ணையிற் பால் கறக்கின்றாள். கணவன் கைவிட்டுப் பிரேசிலுக்குச் சென்றபின், பிளின்ற்கொம்ப்-ஆஷ் என்னும் வறண்ட பண்ணையிலே குளிரிற் கிழங்கு தோண்டுகின்றாள். பெண்ணுழைப்பு மலிவானது என்பதனாலேயே அவ்வேலை பெண்களுக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதையும் ஹாடி குறிப்பிடத் தவறவில்லை.

ரெஸ்ஸின் வீழ்ச்சியைக் கற்பின் சிக்கலாகவே பெரும்பாலோர் விளக்குவர். அவளை மீண்டும் அலெக்கிடம் தள்ளியது எது? அவளுடைய குடும்பம் வாழ்ந்த குடிசை மூன்று உயிர்களின் ஆயுட்காலத்துக்கெனக் குத்தகைக்குப் பெறப்பட்டது. அம்மூவருள் இறுதியானவன் அவளது தந்தை. அவன் இறந்ததும் குத்தகை முடிகின்றது. தாயும் குழந்தைகளும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வருகின்றனர். அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும். அலெக்கிடம் கூரை உண்டு. ரெஸ் தன்னைக் கொடுத்து அதனைப் பெறுகின்றாள். ஓர் ஆணின் உயிரோடு பிணைக்கப்பட்ட வீட்டின் பொருளை ஹாடி இவ்விடத்திலே முற்றாக உணர்த்திவிடுகின்றார். லயத்துக் காம்பராவில் வாழ்ந்தோர்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மலையகத்தில் வீட்டோடு நாடும் சேர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க, மணமானவர்க்கு 7 ஆண்டு வதிவும் மணமாகாதவர்க்கு 10 ஆண்டு வதிவும் வேண்டப்பட்டன. தோட்டத்திலே தாலிகட்டி, உறவினர் முன்னிலையில் நடந்த மணங்கள் பல பதிவு செய்யப்படாதவை. ஊரறிந்த மனைவி ஏட்டிலே மனைவியாகாத நிலை ஏற்பட்டது. 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிற்கால உடன்பாட்டுக்கு விட்டது. கணவன் ஒரு பட்டியலிலும் பிறந்த வீடு மறு பட்டியலிலும் அமைந்த பெண்களுக்கு, தாலி எந்த நாடு என்பதைத் தீர்மானிக்கும் கயிறாயிற்று. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறியவர்களுள் எத்தனை பெண்கள் தாமாக அந்நாட்டைத் தெரிந்தனர் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமையை வழங்கிற்று. பிரிந்த குடும்பங்களை எச்சட்டமும் ஒன்றுசேர்க்கவில்லை.

ஒஸ்ரினின் நாவலிலே திருமணம் ஒரு மாளிகைக்குள் நுழையும் வாயில். மலையகத்திலே அது சில வேளைகளில் ஒரு நாட்டினின்று வெளியேறும் வாயிலாயிருந்தது. இப்பொருள் சிறுகதைகளிலும் நாவல்களிலும் பிரிவுத்துயராகப் பாடப்பட்டுள்ளது. பெண்ணின் தெரிவு, அல்லது தெரிவின்மை, என்ற நோக்கில் அது போதியளவு ஆராயப்படவில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிவு இது. ஆங்கில நாவலின் நாயகி கூலியற்றவள். ஆகவே வீட்டுக்காக மணந்தாள். மலையகப் புனைகதையின் நாயகி கூலியுடையவள்; ஆயினும் அக்கூலி அவள் கையை அடையவில்லை; மணத்தாலும் அவளுக்கு வீடு வரவில்லை. இருவர் முன்னும் நின்ற வினா ஒன்றே: பணம் யார் கைவழியாகப் பெண்ணை அடைகின்றது? ஜேன் எயர் இவ்வினாவுக்கு விடை கண்டபின்பே மணத்துக்கு இசைந்தாள். அவளது துணிவை வியக்கும் நாம், அத்துணிவுக்கு 5,000 பவுண் அடித்தளமாயிருந்ததையும் மாணவர்க்குச் சொல்லவேண்டும். அப்பணமின்றி, தராசின் முன் நின்று தன் மானத்தைத் தன் விரல்களாற் காத்த தோட்டப் பெண்ணை அவளுக்கு அருகில் நிறுத்தவேண்டும். ஒப்பியல் ஆய்வு என்பது பெரிய இலக்கியத்தின் ஒளியிலே சிறிய இலக்கியத்தைக் காண்பதன்று. இரண்டும் ஒன்றையொன்று விசாரிக்கவேண்டும்.

இன்று மலையகத்திலே லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் எழுகின்றன. அவ்வீட்டின் உறுதியிலே யாருடைய பெயர் எழுதப்படும் என்பது நிர்வாகம் பற்றிய சிறுவினாவாகத் தோன்றலாம். லோங்போண் மாளிகையினதும் ரெஸ்ஸின் குடிசையினதும் கதையைப் படித்தவர்க்கு அது அவ்வாறு தோன்றாது. செக்ரோலில் மட்டும் பேர் விழுந்த தாயின் பெயர் அவ்வுறுதியிலும் விழுமா என்று கேட்கும் உரிமை, ஹற்றனில் எலிசபெத் பெனற்றைப் பற்றிக் கட்டுரை எழுதும் அம்மாணவிக்கு உண்டு. 'வீடற்றவள்' என்ற நாவலை எழுதப்போகிறவளும் அவளாகவே இருத்தல் கூடும்.